அபுதாபிக்கு அறுபது நடை

"அபுதாபி பு. 2.00. திருவனந்தபுரம் வ. 7.30. கூட்டு 1.30 = 9.00. வெளியே 9.45. கார் 6.30. வீடு மாலை 4.15."

என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் 12-7-88, செவ்வாய்க்கிழமை என்ற தலைப்பின் கீழ் இந்த வரிகள் இருக்கின்றன. முந்தைய நாள், திங்கட்கிழமை மாலை ஆறு இருபதுக்கு, அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் நின்றுகொண்டு எழுதியது. 'பு.' என்றால் புறப்பாடு, 'வ.' என்றால் வருகை. நீல மை. எழுத்து சாயவில்லை, எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. அன்று காலை ஐந்தேகாலுக்கு என் மனைவி இறந்துபோயிருந்தாள். அந்த எழுத்தைப் பார்த்தால் அது தெரியாது.

நான் அந்தப் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தேன். ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், கோடு போட்ட ஒரு பெரிய பதிவேடு. எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று எழுதுவது என் வேலை. இரண்டு நிமிடத்துக்காக இரண்டு வண்டிக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் தொழில் அது. முன்னால் போகிற வண்டி வழியில் நிற்கிற பாலையம்பட்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பின்னால் போகிற வண்டிக்குக் காலி இருக்கைதான். அதனால் ஒவ்வொரு டிரைவருடைய கைக்கடிகாரமும் அவரவர் தேவைக்குத் தக்கபடி ஓடும். தினமும் காலை வானொலிச் செய்திக்கு முன் ஒலிக்கும் மணியை வைத்து நான் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்வேன். அதற்குப் பிறகு யார் என்ன நேரம் சொன்னாலும் அப்படியே எழுத மாட்டேன். சொல்கிறவர் யார், அவருடைய கடிகாரம் எவ்வளவு முன்னே ஓடும், எவ்வளவு பின்னே ஓடும் என்று எனக்குத் தெரியும். மனதுக்குள் கூட்டியோ கழித்தோதான் பேனா பேப்பரில் இறங்கும்.

"அண்ணாச்சி, என் வாச்சுல ஒம்பது பத்துதான். நீங்க ஒம்பது பதிமூணுன்னு எழுதுனா எப்படி?" என்று மதுரை வண்டி டிரைவர் ஒருவர் வாரத்துக்கு நாலு நாள் சண்டைக்கு வருவார்.

"ஒன் வாச்சு ஒன் மாமனார் போட்டதுப்பா. அதுவும் ஒன்னய மாதிரி அவரு வீட்டுப் பக்கமே சாஞ்சுக்கிட்டு நிக்குது."

"இவருகிட்ட மூணு நிமிசம் வாங்குறதுக்கு மூணு பொண்ணு கட்டிரலாம்" என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டே போவார்.

இந்தப் பழக்கத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேட்ட நேரத்தை அப்படியே எழுதாமல் திருத்தி எழுதும் பழக்கம் எனக்குப் பத்து வருடத்தில் வந்தது. அது இல்லாத ஒருவர் அன்று அந்த மருந்துக்கடையில் நின்றிருந்தால் 7.30 என்று கேட்டு 7.30 என்று எழுதியிருப்பார்.

என் மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. அவனுக்கு நாலு வயதாகும்போது அவர்களுடைய தாய் இறந்துவிட்டார். இவளுக்கு அப்போது பதின்மூன்று. தகப்பனாரும் அதிக நாள் இல்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவனும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். "சீரோட சேத்து என்னையும் அனுப்பிட்டாக" என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவன் விசைத்தறி மெக்கானிக்காகத் தொழில் கற்று, ஊரில் நாலைந்து தறிக்கூடங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். 1985 ஜனவரியில் அபுதாபியில் ஒரு கம்பெனிக்கு ஃபிட்டர் வேலைக்கு விசா வந்தது.

விசா வந்த அன்று மாலை அவள் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல.

"எம்புட்டுத் தூரம்ங்க அது?"

என்னிடம் ஒரு பள்ளிக்கூட அட்லஸ் இருந்தது. பழைய பேப்பர் கடையில் எடை போட இருந்ததை எடுத்துவந்தது. தம்பியின் சட்டைப்பையில் எப்போதும் நூல்துண்டு கிடக்கும். தறிக்காரன் சட்டை அப்படித்தான். ஒரு சிவப்பு நூலை வாங்கி அபுதாபிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் இழுத்துப் பிடித்தேன். கடலின் நீலத்துக்கு மேல் நூல் நேராகக் கிடந்தது. அதைப் பக்கத்தின் அடியில் இருந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன்.

"சுமாரா ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்."

"அப்படிச் சொன்னா எனக்கு என்ன வெளங்கும்? மதுரைக்கு எத்தன நடைன்னு சொல்லுங்க."

பஸ் தொழிலில் ஒரு முறை போவது ஒரு நடை. டைம்கீப்பர் பெண்டாட்டிக்கு அந்தக் கணக்குதான் கணக்கு. மதுரைக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தேன்.

"அறுபது நடை."

"ஆத்தாடி."

"பயப்படாதக்கா" என்றான் தம்பி. "அந்த அறுபது நடையும் பிளேன்ல நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்துல மச்சானோட பஸ்ஸு காரியாபட்டில டீ குடிச்சுக்கிட்டு நிக்கும்."

"ஏல, ஒன் வாய்க்கு அங்க போயி பச்சத் தண்ணி கூடக் கெடைக்காது பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தாமலேயே, அரிசி களைந்துகொண்டே, கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவன் வந்துருவானா?"

"என்னக்கா பேச்சு இது?"

"கேக்குறேன்ல? எனக்குக் கோடி போட ஒன்னய விட்டா யாருடா இருக்கா?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் எந்த வீட்டில் வாழ்ந்து எந்த வீட்டில் இறந்தாலும், கடைசியாக அவள் மேல் போர்த்தும் புதுச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்துவான். அதற்குப் பேர் பிறந்த வீட்டுக் கோடி. அது வந்த பிறகுதான் எடுப்பார்கள். கோடி வராமல் போன பெண்ணை, கேட்க நாதியில்லாமல் போனாள் என்று ஊர் சொல்லும்.

அவள் அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நானும் டைம்கீப்பராகத்தான் பதில் சொன்னேன். விமானம் நாலு மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி, கோவில்பட்டி, சாத்தூர் வழியாகக் காரில் ஆறரை மணி நேரம். டிக்கெட்டுக்கும் காத்திருப்புக்கும் ஒரு பகல் வைத்துக்கொள்வோம்.

"ஒரு பகல், ஒரு ராத்திரி, அடுத்த பகல்ல பாதி. அதுக்குள்ள வந்துருவான்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அன்று இரவே அட்லஸின் ஓரத்தில் எழுதிவைத்தேன்: "நேரம்: அவர்களுக்கு நம்மைவிட 1½ மணி பின்." நூலையும் அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடினேன்.

அவன் போன பிறகு அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் வீட்டில் ஒரு சாமான் போல ஆகிவிட்டது. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்காரும்போது, "அங்க இப்ப மணி என்ன?" என்பாள். "ஏழரை" என்பேன். "அப்ப இப்பத்தான் வேல விட்டு வந்துருப்பான்." அதிகாலையில் தண்ணீருக்குப் போகும்போது கேட்பாள். "மூணரை." "தூங்கட்டும்." மூன்றரை வருடம், அநேகமாகத் தினமும். அவனுடைய கடிதங்களில் ஏதாவது நேரம் எழுதியிருந்தால் படிக்கும்போதே ஒன்றரையைக் கூட்டிப் படித்துக்காட்டுவேன். "பத்து மணிக்குச் சாப்பாட்டு மணி அடிப்பாக" என்று அவன் எழுதியிருப்பான். "அதாவது நமக்குப் பதினொண்ணரை" என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

1988 ஜூலை 11, திங்கள். குழாயில் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறை, விடியற்காலையில்தான் வரும். இரண்டு குடம் எடுத்துக்கொண்டு நாலேமுக்காலுக்குப் போனாள். வரிசையில் நின்று இரண்டாவது குடத்தை வைத்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வந்து பார்த்தபோது ஐந்து முப்பத்தைந்து. ஐந்தேகால் என்பது அந்தப் பெண்கள் சொன்ன நேரம். அவர்களிடம் கடிகாரம் இல்லை, வீரபத்திரசாமி கோவில் மணியை வைத்துச் சொன்னார்கள் என்று குறித்திருக்கிறேன். யாரோ அந்த இரண்டு குடத்தையும் நிறைத்து வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் பட்டியலாக நினைவிருக்கிறது. ஆறு மணிக்குத் தந்தி ஆபீஸ். அபுதாபிக் கம்பெனியின் எண்ணுக்கு அவசர டிரங்க் கால். ஒன்பது இருபதுக்கு இணைப்பு கிடைத்தது. மறுமுனையில் ஒரு மலையாளி; நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். அவன் திரும்பக் கூப்பிட மருந்துக்கடை எண்ணைக் கொடுத்தேன். பத்தரைக்கு ஐஸ் கம்பெனியிலிருந்து இரண்டு பார் ஐஸ் மரத்தூளில் சுற்றி ரிக்‌ஷாவில் வந்தது. பகலில் திருச்சுழிப் பக்கத்திலிருந்து பெரியப்பா வந்தார். பெரியப்பா என்றால் என் தகப்பனாரின் அண்ணன். எங்கள் குடும்பத்தில் அப்போது மூத்தவர் அவர்தான். வந்தவர்களிடம் நான் எந்த வண்டியில் வந்தீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பிறகு ஒருவர் சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

மாலை ஆறு பத்துக்கு, அபுதாபி கால் வரப்போகிறது என்று மருந்துக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். போய், ஆறு பதினெட்டுக்கு ரிசீவரை எடுத்தேன். கடையின் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல அவன் குரல் கேட்டது. நான் பேசியது எனக்கே ஒரு முறை திரும்பி வந்தது.

"மச்சான்... அக்கா..."

"ஆமா மாப்ள. காலைல."

அழுதான். காத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாற்பது விநாடி.

"மச்சான், டிக்கெட்டு கெடச்சுருச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிளேன். ஏழரைக்குத் திருவனந்தபுரம். டாக்சி புடிச்சு ஓடியாந்துருவேன். நான் வாரதுக்குள்ள அக்காவ எடுத்துராதீக மச்சான். கோடி எங்கிட்ட இருக்கு. தீவாளிக்குன்னு வாங்குன சேலை பெட்டில இருக்கு."

இதற்கிடையில் அவன் வேறு சில வார்த்தைகளும் சொன்னான். சத்தம் விட்டு விட்டு வந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். அபுதாபி பு. 2.00. திருவனந்தபுரம் வ. 7.30. அவன் அங்கிருந்து சொல்கிறான். அவன் கடிகாரம் ஒன்றரை மணி பின். கை தானாக எழுதியது: கூட்டு 1.30.

இரண்டுக்கும் ஏழரைக்கும் நடுவில் ஐந்தரை மணி நேரம். விமானம் நாலு மணி நேரம்தான் என்று நானே நூல் பிடித்துச் சொன்னவன். மீதி ஒன்றரை எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசித்தேன் என்பதுதான் வேடிக்கை. நடுவில் எங்கோ ஒரு நிறுத்தம் இருக்கும், பம்பாயாக இருக்கலாம் என்று எண்ணினேன். வண்டி தாமதமானால் நடுவில் நின்றிருக்கிறது என்று பொருள். என் பதிவேட்டில் அதற்கு வேறு பொருள் இருந்ததில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆனி மாதக் காற்று தெருப்புழுதியை வாரி வாசலுக்குள் போட்டது. ஐஸ் மூன்றாவது முறையாக வந்தது. காலை பத்து மணிக்குப் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். பஞ்சாங்கம் அவர் மடியில் இருந்தது.

"ஏலே, இங்க வா. பன்னெண்டுல இருந்து ஒன்றர வரைக்கும் குளிகை. அதுல எடுத்தா இன்னொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போகும். மூணுல இருந்து நாலர ராகுகாலம். அப்ப ஒன்றரைக்கு மேல, மூணுக்குள்ள. இல்லேன்னா நாலரைக்குப் பெறகு. அவன் எப்ப வாரான்?"

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டியதே இல்லை.

"நாலேகால் ஆகும் பெரியப்பா. நாலரைன்னு வச்சுக்கங்க."

"மூணுக்குள்ள வர வாய்ப்பே இல்லியா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பொறந்த வீட்டுக் கோடிடா."

"ஒம்பது மணிக்குத்தான் எறங்குவான். முன்னால வர முடியாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "டைம்கீப்பரே சொல்லுதாக, அப்புறம் என்ன?" என்றார்.

பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். "நாலரை வரைக்கும் தாங்காதுப்பா. நேத்து விடிகாலைல போன உசுரு. மொகம் மாறுது. அந்தப் பிள்ள அதப் பாக்க வேண்டாம்" என்றார்.

மல்லாங்கிணற்றில் அவளுடைய சித்தப்பா மகன் ஒருவர் இருந்தார். எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் துக்கத்துக்கு வந்திருந்தார். அவரைக் கேட்டார்கள். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு சேலை வாங்கிவந்தார். அதைப் போர்த்தும்போது, "என்னயத் திட்டாத தாயி" என்றார். எட்டு வருடத்தில் அவளிடம் அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

எடுத்த நேரம் 1.40. மயானத்தில் நான் தீ வைத்த நேரம் 2.10. பிள்ளை இல்லாததால் நானே வைத்தேன். வறட்டி காய்ந்திருந்தது, காற்று வேறு. உடனே பிடித்துக்கொண்டது.

2.38க்கு ஓர் அம்பாசடர் கார் மயானத்துக்கு வெளியே வந்து நின்றது. வீட்டுக்கு 2.25க்கே வந்து, பெண்கள் சொல்லி, அங்கிருந்து வந்திருக்கிறான். இறங்கி ஓடிவந்தவன் பாதியிலேயே நின்றுவிட்டான். கையில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு சேலை. மஞ்சள் நிறம், சின்னச் சின்னப் பூ. கடைக்காரன் ஒட்டிய காகிதம் கூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

பெரியப்பா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தீயில போட்டுருய்யா" என்றார் அவனிடம்.

"நைலான் சேலங்க" என்றான் அவன். போடவில்லை.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: விமானம் சீக்கிரம் வந்திருக்கிறது. மதுரை வண்டி சில நாள் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடும். அந்த மாதிரி.

மறுநாள் புதன்கிழமை பால் ஊற்றப் போனோம். நானும் அவனும் பெரியப்பாவும்தான். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. தண்ணீர் தெளித்து ஆற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"பிளேன் முன்னாடியே வந்துருச்சோ மாப்ள?"

"இல்ல மச்சான். சரியா ஏழர. எறங்கி வெளிய வந்து மணிக்கூண்டுல பாத்தேன், எட்டேகாலு."

"நம்ம ஏழரயா?"

"பின்ன?" என்றான். "திருவனந்தபுரத்துல அபுதாபி மணியா அடிக்கும்?"

பெரியப்பா எலும்பை எடுத்து மண்சட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நான் பால் செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 7.30, 8.15, கார் ஆறு மணி பத்து நிமிடம், 2.25. கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. 2.50க்கு எடுத்திருந்தால் இருபத்தைந்து நிமிடம் மிச்சம். செம்பைச் சாய்த்துப் பாலை ஊற்றினேன்.

பதினாறாம் நாள் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் விசேஷத்துக்கு வேண்டியதை வாங்கினேன், மாலையில் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன், மறுபடியும் வைத்தேன். அட்லஸை எடுக்கவில்லை.

29-7-88, வெள்ளி. அவனை வழியனுப்ப, முந்தின ராத்திரியே கிளம்பி, நானும் திருவனந்தபுரம் போனேன். திருநெல்வேலியில் பஸ் மாறினோம். அன்றுதான் முதல் தடவையாக ஒரு விமான நிலையத்தைப் பார்த்தேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியே கம்பித் தடுப்பு ஓரமாக, பெட்டிகளோடும் அழுகிற பெண்களோடும் நின்றோம். அவன் டிக்கெட்டைக் காட்டினான். கார்பன் தாளில் சிவப்பாக விழுந்த எழுத்து. திருவனந்தபுரம் பு. 10.30. அபுதாபி வ. 13.00.

போகும்போது இரண்டரை மணி நேரம். வரும்போது ஐந்தரை. கூட்டினால் எட்டு. பாதி நாலு. ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் எழுதுவார்கள். அவன் அன்று போனில் படித்தது இப்படி ஒரு டிக்கெட்டைத்தான். நூல் பிடித்து அளந்த அந்த நாலு மணி நேரம் சரியாக இருந்தது. அது மட்டும்தான்.

"மாப்ள" என்றேன். "அன்னைக்கு நீ ஏழரன்னு சொன்னத நான் ஒங்க ஊரு நேரம்னு எடுத்துக்கிட்டேன். ஒன்றரையக் கூட்டிட்டேன். பெரியப்பாகிட்ட நாலரைக்கு முன்னால வரமாட்டான்னு சொன்னது நான்தான்."

தோளில் தொங்கிய பையைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல் கம்பித் தடுப்பைப் பார்த்தபடி பேசினான்.

"போன்ல சொன்னேனே மச்சான். நம்மூரு ஏழரைன்னு."

"சொன்னியா?"

"சொன்னேன்." பிறகு, "சொன்னேன்னுதான் நெனைக்கிறேன். அழுதுக்கிட்டுல்ல பேசுனேன்."

உள்ளே போக வேண்டியவர்களை ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டார்.

"பெரியப்பாகிட்டச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டான்.

"இல்ல."

"சொல்லாதீக." பையை எடுத்துக்கொண்டான். பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் சேலையை எடுத்து என்னிடம் கொடுத்தான். "வீட்டுல இருக்கட்டும். வாரேன் மச்சான்."

விமானம் கிளம்பியதை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது; 10.52. இருபத்திரண்டு நிமிடம் தாமதம் என்று எழுதிக்கொண்டேன். திரும்பி வரும்போது நாகர்கோவிலைத் தாண்டியதும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, அங்க இப்ப மணி என்ன என்று நானே கேட்டுக்கொண்டேன்.

அதன் பின் அவன் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்தான். 1995இல் ஒரேயடியாகத் திரும்பிவிட்டான். இப்போது அடுத்த தெருவில் குடியிருக்கிறான். நாலு தறி போட்டிருக்கிறான். என் சாப்பாடு பாதி நாள் அவன் வீட்டில்தான். பெரியப்பா 1992இல் இறந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை. 2.38க்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை வைத்து, அவருக்குத் தெரிந்திருக்கும் என்று சில நாள் நினைப்பேன்; சில நாள் வெறுமனே நேரம் பார்த்திருப்பார் என்று நினைப்பேன். மல்லாங்கிணற்று உறவினர் அதன் பிறகு வருடா வருடம் திதிக்கு வருகிறார்.

சேலை அலமாரியில் இருக்கிறது. நைலான் கெடுவதில்லை. உறை மட்டும் பழுத்துவிட்டது.

1996 ஜூலை 12, அவளுடைய நினைவு நாளுக்கு மறுநாள், அவனிடம் மறுபடியும் கேட்டேன். இந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதத் தொடங்கியிருந்தேன். ஒரு இடம் காலியாக இருந்தது.

"மாப்ள, அன்னைக்குப் போன்ல நம்மூரு நேரம்னு சொன்னியா, இல்லியா? திருவனந்தபுரத்துல கேட்டப்ப சொன்னேன்னு சொன்ன."

தறிச் சத்தத்தில் கேட்கவில்லை போல என் பக்கம் சாய்ந்தான். மறுபடியும் கேட்டேன். தறியை நிறுத்தினான்.

"சொல்லியிருக்க மாட்டேன் மச்சான்" என்றான். "வெறும் ஏழரைன்னுதான் சொல்லியிருப்பேன். ஒங்க மேல ஒண்ணும் இல்ல." தறியை மறுபடியும் ஓட்டினான்.

மருந்துக்கடைக்காரரையும் கேட்டேன். நான் பேசும்போது அவர் பக்கத்திலேயேதான் நின்றாராம். நான் பேசியது நினைவிருக்கிறது என்றார். ரிசீவரில் வந்தது எப்படிக் கேட்கும் என்றார். மின்விசிறியை நிறுத்தியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார்.

ஆக, 29-7-88இல் அவன் சொன்னது ஒன்று. 12-7-96இல் சொன்னது வேறு. முதலாவது சம்பவத்துக்குப் பதினெட்டு நாளில் சொன்னது. இரண்டாவது எட்டு வருடம் கழித்து, எனக்காகச் சொன்னதாக இருக்கலாம். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் 7.30க்கும் 'கூட்டு' என்பதற்கும் நடுவில் ஒன்றும் எழுதப்படவில்லை. அந்த இடத்தில் நான் எதையாவது கேட்டும் எழுதாமல் விட்டேனா என்று அந்தப் பக்கம் சொல்லாது.

11-7-88 மாலை 6.18க்கு வந்த அழைப்பில் 'நம்மூர் நேரம்' என்று சொல்லப்பட்டதா: உறுதி செய்யப்படவில்லை.